ஓட்டுநருக்கு எஞ்சிய இடம்

போர்க்கால மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவற்றின் வலிமையையே பேசுவர். எந்த ஆற்றைக் கடந்தது, எந்த மேட்டில் ஏறியது, எத்தனை குதிரைச் சக்தி கொண்டது என்பனவே பேச்சாக இருக்கும். நான் இன்று அவ்வண்டிகளின் உள்ளே, ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே இருந்த சிறிய இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவ்விடத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். பகல் முழுவதும், சில நாள் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள், ஏன் அவ்வளவே கொடுத்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், ஒரு யந்திரம் எவ்வாறு உருவாகிறது என்பதே நமக்கு விளங்கத் தொடங்கும்.

மாணவ நண்பர்கள் இதை வீட்டிலிருந்தபடியே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்துகொண்டு, மேசையின் விளிம்பு மார்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்படி முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்து, இடக்காலைத் தூக்கித் தூக்கி அதை மிதியுங்கள். நாற்காலியை நகர்த்தக் கூடாது, அதுதான் நிபந்தனை. கால் மணி நேரத்தில் முழங்கால் மேசையில் இடிக்கும்; அரை மணி நேரத்தில் இடுப்பு பேசத் தொடங்கும். இனி அந்த நாற்காலிக்கு அடியில் ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் இருப்பதாகவும், அறை முழுவதும் இடைவிடாது குலுங்குவதாகவும் கற்பனை செய்துகொண்டால், ஏறத்தாழ 1942-ஆம் ஆண்டின் ஜீப் வண்டியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஜீப்பின் கதை 1940-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஜெர்மன் படைகள் விரைந்து முன்னேறிய அந்தக் கோடையில், அமெரிக்க இராணுவம் ஒரு சிறிய வண்டி வேண்டும் என்று 135 தொழில் நிறுவனங்களுக்கு எழுதியது. நான்கு சக்கரங்களும் இழுக்க வேண்டும். 600 பவுண்டு சுமக்க வேண்டும். ஆனால் வண்டியின் எடையோ 1,300 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 590 கிலோவுக்கு, மேற்படக் கூடாது. மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுவனங்களுள் மிகச் சிலவே விடையளித்தன. பாண்டம் என்ற சிறு நிறுவனத்துக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலறிஞர் வரைந்த வண்டி, 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாந்து மாநிலத்தின் ஹோலபேர்டு முகாமுக்கு, கெடு முடியுமுன் வந்து சேர்ந்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்களும் தம் மாதிரிகளைக் கொணர்ந்தன. இறுதியில் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது வில்லிஸ் வண்டியின் வடிவமே. அதை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன.

இந்த எடைக் கணக்கைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1,300 பவுண்டு என்பது ஒருவராலும் நிறைவேற்ற இயலாத விதி. அதைப் பின்னர் இராணுவமே 2,160 பவுண்டாக உயர்த்திற்று. அதற்குள் அடங்கவும் வில்லிஸ் நிறுவனத்தார் பட்ட பாடு கொஞ்சமன்று. தேவைக்கு மேல் நீண்டிருந்த மரையாணிகளின் நுனியை வெட்டினார்கள். வண்ணப் பூச்சின் கனத்தைக்கூடக் குறைத்தார்கள் என்பது மோட்டார் வரலாற்றில் பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. ஆணி நுனியை நிறுத்துப் பார்க்கும் அவையில், “ஓட்டுநரின் இருக்கைக்கு இன்னும் நான்கு பவுண்டு பஞ்சு வேண்டும்” என்று எழுந்து பேசுபவர் யார்? இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்துக்கு எடை உண்டு. பூட்டுக்கு எடை உண்டு. இவையெல்லாம் விட்டுப்போயின. இதற்காக எவரையும் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுக்கக் கூடியதை நிறுத்தார்கள். முதுகு வலியை நிறுக்கும் தராசு அவர்களிடம் இல்லை.

முடிவாக வந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். அகலம் 62 அங்குலம். இந்த 80 அங்குலத்துக்குள் என்ஜினின் பெரும்பகுதி, கியர்ப் பெட்டி, அதை அடுத்து விசையை முன்னும் பின்னும் பகிரும் பெட்டி, அதன்பின் மனிதர் இருக்கைகள் ஆகிய எல்லாம் அடங்கியாக வேண்டும். பெட்ரோல் டாங்கியை எங்கே வைப்பது? வெளியே வைத்தால் கல் இடிக்கும். பின்னால் வைத்தால் சுமைக்கு இடம் போகும். எஞ்சிய ஒரே குழி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. பதினைந்து காலன் கொள்ளும் டாங்கி அங்கே போய்ச் சேர்ந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமென்றால் ஓட்டுநர் எழுந்து இறங்கி, தாம் உட்கார்ந்திருந்த மெத்தையைத் தூக்கிவிட்டு ஊற்ற வேண்டும்.

டாங்கி அங்கே போனதால் இருக்கையின் உயரம் தீர்மானமாயிற்று. பின்னால் சக்கரத்தை மூடும் தகட்டு வளைவும் சுமையிடமும் இருந்ததால் இருக்கையின் எல்லை தீர்மானமாயிற்று. முன்னால் ஸ்டியரிங் சக்கரம். ஆறடி உயரமுள்ள சிப்பாயும் ஐந்தேகால் அடிச் சிப்பாயும் ஒரே குழியில், ஒரே தூரத்தில் உட்கார வேண்டியவராயினர். உயர்ந்தவருக்கு முழங்கால் ஸ்டியரிங் சக்கரத்தின் அடிவிளிம்பைத் தொடும். குள்ளமானவர் கிளச்சை அடிவரை மிதிக்க, உடலை நழுவவிட்டு நுனியில் உட்கார வேண்டும். வலக்கால் பக்கத்தில் தரையிலிருந்து மூன்று கம்பிகள் எழுந்து நிற்கும்: ஒன்று கியர் மாற்ற, ஒன்று முன் அச்சைச் சேர்க்க, ஒன்று மேடேறும் மெதுவேகத்துக்கு. காலை அந்தப் பக்கம் நீட்ட இயலாது. இடப் பக்கத்தில் கதவே இல்லை. கதவில்லாத இடத்தில், விழாமல் காக்க ஒரு பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் பழுது நீக்கி வைத்திருந்த பழைய ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நான் உயரமானவன் அல்லேன், ஐந்தடி ஆறங்குலந்தான். எனக்கு அது பொருந்திற்று. பொருந்திற்று என்பதைவிட, என்னை அது பிடித்துக்கொண்டது என்று சொல்வது சரியாகும். மேடு பள்ளமான ஒரு மைதானத்தை இருமுறை சுற்றி வந்தோம். இறங்கியபின் நண்பர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து நாற்காலியில் போட்டார்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. போர்க்கால ஜீப்புகள் யாவும் ஸ்டியரிங் இடப்பக்கம் அமைந்தவை. அவை அஸ்ஸாமிலும் பர்மாவிலும் வந்து இறங்கியபோது, அக்காலத்தில் சாலையின் இடப்புறம் செல்லும் வழக்கமிருந்த இந்த நாடுகளில், ஓட்டுநர் சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மலைப் பாதையில் முன்செல்லும் லாரியைக் கடக்க வேண்டுமானால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. பர்மாவில் ஜீப்பின் டயர்களைக் கழற்றி, இரும்புச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தின்மேல் ரயில் இழுக்கவும் வைத்தார்கள். அந்த ஓட்டுநருக்கு மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பும் வேலை இல்லாமற் போயிற்று.

குலுக்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜீப்பின் உடல் பட்டை ஸ்பிரிங்குகளின்மேல் நின்றது. கால் டன் சுமையைத் தாங்க வேண்டிய ஸ்பிரிங் கனமாகத்தான் இருக்கும். சுமையில்லாமல் ஓட்டுநர் ஒருவரே செல்லும்போது அது வளையாது. கல்லின் அடி அப்படியே இருக்கைக்கு வந்துவிடும். மனித உடலுக்கு ஒரு தன்மை உண்டு. உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழுமாக வினாடிக்கு நான்கு முதல் ஆறு முறை வரை அசைத்தால், அவ்வசைவு உடலுக்குள் அடங்காமல் பெருகும். வயிறும் முதுகெலும்பும் இருக்கையைவிட அதிகமாக ஆடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் உயர உயரப் போவதில்லையா, அதுபோல. கரடு முரடான தரையில் ஓடும் வண்டிகள் உடலுக்கு ஊட்டும் அசைவு பெரும்பாலும் இந்த எல்லைக்கு அருகிலேயே வந்து நிற்கிறது. இதை ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் அளந்த பின்னரே, 1974-ஆம் ஆண்டில் உடல் அதிர்வுக்கான சர்வதேசத் தரவிதி முதன்முதலாக வெளியாயிற்று. ஜீப் ஓட்டியவர்கள் அதை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிவர். அவர்களிடம் அளவுகோல்தான் இல்லை.

மருத்துவர்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இருந்தது. முதுகின் அடியில், வாலெலும்புக்கு அருகே, தோலினடியில் குழி விழுந்து சீழ் கட்டும் நோய் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிப்பாய்கள் இளைஞர்கள், அவர்கள் வாரக் கணக்கில் கவிழ்ந்து படுத்துக் கிடந்தனர். 1944-ஆம் ஆண்டில் லூயி பூயி என்ற மருத்துவர் இதற்கு ‘ஜீப் நோய்’ என்றே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயின் மூலம் தோலுக்குள் புகும் மயிரே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஜீப்பில் ஏறாதவர்களுக்கும் அது வந்தது. ஆகவே ஜீப் நோயை உண்டாக்கிற்று என்று சொல்லிவிட முடியாது. உறுத்தலும் வியர்வையும் ஓயாத குலுக்கலும் அதைக் கிளறிவிட்டன என்பதே பொருத்தம். ஒரு நோய்க்கு வண்டியின் பெயரைச் சூட்டும் அளவுக்கு அந்த இருக்கை புகழ் பெற்றிருந்தது என்பது வேறு செய்தி.

ஜீப்பின் முன் கண்ணாடியைப் பானெட்டின்மேல் மடித்துப் படுக்கவைக்கலாம். வெயிலில் கண்ணாடி பளிச்சிட்டால் பகைவர் விமானம் கண்டுகொள்ளும் என்பதனால் போர்முனையில் பல இடங்களில் அதை மடித்தே ஓட்டினார்கள். அப்போது காற்று, தூசி, மழை எல்லாம் முகத்தில். அதைவிடக் கொடிய ஒன்றும் இருந்தது. பின்வாங்கும் ஜெர்மன் படையினர் சாலையின் குறுக்கே, உட்கார்ந்திருப்பவரின் கழுத்து உயரத்தில், மெல்லிய கம்பியைக் கட்டிவிட்டுச் சென்றனர். இதற்கு மாற்றாக ஜீப்பின் முன் பம்பரில் செங்குத்தாக ஓர் இரும்புச் சட்டத்தை நிறுத்தி, மேல்நுனியில் கம்பியை அறுக்கும் கொக்கி வைத்தார்கள். பழைய படங்களில் ஜீப்பின் மூக்கில் கழி நட்டதுபோலத் தோன்றுவது அதுவே. ஓட்டுநரின் பாதுகாப்புக்காக வண்டியில் சேர்க்கப்பட்ட கருவிகளுள் இதைவிட எளியதும் இதைவிட இன்றியமையாததும் இல்லை எனலாம்.

எதிர்ப்பக்கத்தாரும் இருக்கையைப் பற்றி எண்ணியதுண்டு. ஜெர்மானியரின் ‘கூபெல்வாகன்’ என்ற வண்டிக்குப் பெயரே இருக்கையிலிருந்து வந்தது. கூபெல் என்றால் தொட்டி. கதவில்லாத பழைய இராணுவக் கார்களில் ஆட்கள் வெளியே விழாதிருக்க, இருபுறமும் உயர்ந்த தொட்டிபோன்ற இருக்கைகளை வைத்தார்கள். தொட்டி இருக்கை வண்டி என்ற பெயர் சுருங்கி, பின்னர் கதவுகள் வந்த பிறகும் நிலைத்துவிட்டது. ஃபோல்க்ஸ்வாகன் நிறுவனத்தின் வண்டியில் என்ஜின் பின்புறம் இருந்தது. எனவே முன்னால் காலை நீட்ட இடம் கிடைத்தது. நான்கு கதவுகளும் இருந்தன. எடையோ 725 கிலோ அளவுதான். ஆனால் ஒன்று: அதன் பின் சக்கரங்கள் மட்டுமே இழுத்தன. முன் அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டும் பெட்டியும் இல்லாததால்தான் அத்தனை இடம் மிஞ்சியது. ஜீப் ஓட்டுநர் இழந்த இடம் எங்கே போயிற்று என்று கேட்டால், அவர் காலடியில் சுழன்றுகொண்டிருந்த அந்த இரும்பில்தான் போயிற்று.

லாரிகளின் நிலை இன்னும் கடினம். கனடாவில் ஃபோர்டும் ஷெவர்லேயும் பிரிட்டிஷ் இராணுவத்தின் கட்டளைப்படி நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. அவை வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இந்தியப் படையிலும் ஓடின. கப்பலில் இடம் மிச்சப்பட வேண்டும் என்பதற்காக அவற்றின் மூக்கைக் குட்டையாக்கினார்கள். நீள மூக்குக்குள் இருக்க வேண்டிய பெரிய அமெரிக்க என்ஜின், ஓட்டுநர் அறைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. இருவர் அறையில் மூன்றாவது ஆளாக ஓர் அடுப்பு வந்து சேர்ந்ததுபோல! இராணுவ பூட்ஸ் அணிந்த கால் சாதாரணச் செருப்புக் காலைவிட எவ்வளவு அகலம் என்பதைப் படம் வரைபவர் எப்போதும் நினைவில் வைப்பதில்லை. அவ்வண்டிகளின் பிந்திய அறையில், 1941-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, முன் கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தார்கள். வெயில் கண்ணைக் கூசவைப்பது குறைந்தது, மேலிருந்து விமானம் காண்பதும் குறைந்தது.

அமெரிக்காவின் இரண்டரை டன் ஜி.எம்.சி. லாரிக்கு முதலில் இரும்புக் கூரையும் கதவும் உள்ள அறை இருந்தது. போரின் பிற்பகுதியில் அதை எடுத்துவிட்டுக் கித்தான் கூரை போட்டார்கள். இரும்பு மிச்சம், உயரம் குறைந்ததால் கப்பலிலும் இடம் மிச்சம். கணக்குச் சரிதான். அந்தக் கித்தானுக்குக் கீழே ஐரோப்பாவின் இலையுதிர்கால மழையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்ப்போம்.

1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற சுமைப்போக்குவரத்து நடந்தது. முன்னேறும் படைகளுக்குப் பெட்ரோலும் குண்டும் உணவும் கொண்டுபோக, இரண்டு சாலைகளை ஒதுக்கி, ஒன்றில் போகவும் மற்றொன்றில் திரும்பவும் லாரிகள் இரவு பகலாக ஓடின. உச்ச நாட்களில் 5,958 வண்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 12,500 டன் ஏற்றிச் சென்றன. ஓட்டுநர்களுள் முக்கால் பங்கினர் கறுப்பின அமெரிக்கர். துப்பாக்கி ஏந்திப் போரிடும் படைப்பிரிவுகளில் பெரும்பாலும் இடம் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஓட்டுநரும் துணையாளும் வண்டியை நிறுத்தாமலே இடம் மாற்றிக்கொண்டதைப் பின்னாளில் அவர்களே நினைவு கூர்ந்தனர். ஓடுகிற லாரியில், ஒருவர் நகர, மற்றவர் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைவதை எண்ணிப் பாருங்கள். அப்போது இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே உள்ள நான்கு விரற்கடை, வசதி என்ற பெயரில் அடங்குமா? களைப்பினால் கண் மூடியவர் சாலையை விட்டு விலகினார். சுமை போய்ச் சேரவில்லை. ஓட்டுநரின் வசதி ஆடம்பரம் என்று எண்ணிய தளபதிகளுக்கும் அப்போது கணக்கு வேறாகத் தோன்றியிருக்க வேண்டும்.

போர்க்காலத்தில் பெண்களும் வண்டி ஓட்டினர். பிரிட்டனில் பெண்கள் துணைப்படையினர் லாரிகளையும் ஆம்புலன்சுகளையும் ஓட்டினர். பின்னர் அரசியான எலிசபெத் 1945-இல் அதில் சேர்ந்து ஓட்டவும் பழுது பார்க்கவும் பயின்றார். ஆணின் உடலை மனத்தில் வைத்து அமைத்த கிளச்சை மிதிக்க அவர்கள் பட்ட சிரமத்தை எந்தத் தரவிதியும் கருதியதில்லை.

“அப்படியானால் சராசரி மனிதனுக்கு ஏற்றபடி செய்துவிட்டால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அமெரிக்க விமானப் படையில் ஓர் அழகான விடை கிடைத்தது. 1950-ஆம் ஆண்டில் 4,063 விமானிகளின் உடலளவுகள் எடுக்கப்பட்டன. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அவற்றுள் இருக்கை அமைப்புக்கு வேண்டிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார்: உயரம், மார்பு, கை நீளம் போன்றவை. ஒவ்வொன்றிலும் நடுத்தரமானவர் என்று தாராளமாக ஓர் எல்லை வகுத்தார். பத்திலும் நடுத்தரமாக இருந்த விமானிகள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் நூற்றுக்கு நால்வர்கூடத் தேறவில்லை. கை நீண்டவனுக்குக் கால் குட்டை. உயர்ந்தவனுக்கு இடுப்பு ஒடுக்கம். சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை எவருக்கும் பொருந்தாத இருக்கை. அப்போது மிஞ்சிய வழி ஒன்றுதான்: இருக்கையையும் மிதிகளையும் நகர்த்தும்படி செய்வது. டேனியல்ஸ் ஆராய்ந்தது விமானிகளை. ஆனால் வண்டியோட்டியின் உடலும் அதே சதையும் எலும்பும் அன்றோ? ஏறக்குறைய அதே காலத்தில், 1949-இல், பிரிட்டனில் ஹைவல் மரல் என்பவரும் அவர் நண்பர்களும் மனிதனுக்கு ஏற்ப வேலையை அமைக்கும் கலைக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயரிட்டு ஒரு சங்கமும் கண்டனர்.

அறிவு வந்தது, வண்டிகள் உடனே மாறிவிடவில்லை. பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தின் மாரிஸ் வில்க்ஸ், தம் பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை வைத்து வேலை வாங்கியதன் பயனாக எழுந்ததே லாண்ட் ரோவர். 1947-இல் செய்த மாதிரியில் ஸ்டியரிங்கை நட்ட நடுவில் வைத்தார்கள். டிராக்டரைப்போல ஓட்டலாம், இட நாட்டுக்கும் வல நாட்டுக்கும் தனித்தனி வண்டி வேண்டாம். எண்ணம் நல்லதே, ஆனால் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை, கைவிட்டார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியான வண்டிக்கும் அச்சிடைத் தூரம் அதே 80 அங்குலந்தான். இரும்புத் தட்டுப்பாட்டினால் உடலை அலுமினியக் கலவையால் செய்தார்கள். இருக்கையின் முதுகுப்புறத்தில் ஒரு தகட்டுத் தடுப்பு. பின்னால் சுமையிடம் பெரிதாக வேண்டும் என்பதனால் தடுப்பு முன்னால் வந்தது. தடுப்பு முன்னால் வந்ததால் ஓட்டுநரும் முன்னால் வந்தார். உழவர் வண்டியாகப் பிறந்தபோதே குறுகலான அது, பட்டாளத்துக்குப் போனபின் இன்னும் குறுகியது. ஆகாய விமானத்தில் இரண்டை அருகருகே ஏற்ற வேண்டும் என்று, 1968 முதல் செய்த இராணுவ வகையின் அகலத்தை 60 அங்குலமாக்கினார்கள். ஹெலிகாப்டர் தூக்குவதற்காகக் கதவு, கூரை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றும்படி அமைத்தார்கள். ‘லேசு வண்டி’ என்று அதற்குப் பெயர்; எல்லாவற்றையும் திரும்ப மாட்டி நிறுத்தினால் அது சாதாரண வகையைவிடக் கனம்! பெயர் வைப்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

1970-களில் அதே நிறுவனம் பீரங்கி இழுக்க ஒரு டன் வண்டி ஒன்றைச் செய்தது. அதில் ஓட்டுநர் முன் சக்கரத்தின்மேலேயே உட்கார்ந்தார். எட்டு சிலிண்டர் என்ஜின் இரு இருக்கைகளுக்கும் நடுவே, இடுப்புக்கு அருகில். நீளம் குறைந்தது, சுமைத் தளம் பெருகிற்று. பார்வையும் சிறப்பாகக் கிடைத்தது. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதன்மேல் உட்கார்ந்திருப்பவரும் உடன் இறங்கி உடன் எழுவார். அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்தவருக்கு அந்த ஆட்டம் பாதியாக வரும். இவருக்கு முழுவதுமாக வரும். வெப்பமும் இரைச்சலும் வேறு. ஆஸ்திரியாவில் 1959 முதல் செய்த ஹாஃப்லிங்கர் என்னும் சிறு வண்டி இதை வேறு வழியில் தீர்த்தது. 643 கன சென்டிமீட்டர் என்ஜினைப் பின்னால் வைத்து, ஒரு பலகையின் முன்னுனியில் இருவரை உட்காரவைத்தது. காலுக்குத் தாராளமாக இடம் உண்டு. காலுக்கு முன்னே ஒரு தகடு. அதற்கு முன்னே மலை.

குலுக்கலைக் குறைக்க முயன்ற கதை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. ஜீப்புக்குப் பின் அமெரிக்கப் படையில் வந்த எம்-151 என்ற வண்டியில், 1960-ஆம் ஆண்டு முதல், நான்கு சக்கரங்களும் தனித்தனியே எழுந்து தாழும்படி அமைத்தார்கள். கரடான நிலத்தில் அதன் ஓட்டம் ஜீப்பைவிட எவ்வளவோ மென்மை. உட்கார்ந்தவர் மகிழ்ந்தார், வேகமாகவும் ஓட்டினார். ஆனால் வளைவில் விரைந்து திரும்பும்போது பின் சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கி, வண்டி எச்சரிக்கையின்றிக் கவிழ்ந்தது. பலர் இறந்தனர். 1970-இல் பின் சக்கர அமைப்பை மாற்றினார்கள். பின்னர் ஆட்களைக் காக்க இரும்புக் குழாய்ச் சட்டமும் பொருத்தினார்கள். வேலை முடிந்த இவ்வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டத் தகுதியற்றவை என்று கருதி, பொதுமக்களுக்கு முழு வண்டியாக விற்காமல் வெட்டியே கழித்தார்கள். பழைய ஜீப்பின் முரட்டுக் குலுக்கல் ஓட்டுநரை ‘மெதுவாகப் போ’ என்று ஓயாது அதட்டிக்கொண்டிருந்தது. இந்த வண்டியோ அதட்டவில்லை. குலுக்கலே நல்லது என்று நான் வாதிடவில்லை. ஓட்டுநருக்குத் தரும் சுகத்தை வண்டியின் நிலைபேற்றோடு சேர்த்து அளக்க வேண்டியிருந்தது, சேர்த்து அளக்கவில்லை.

நம் நாட்டில் மகீந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டியும் பின்னர் முழுதாகச் செய்தும் வந்தது. நிசான் நிறுவனத்தின் உரிமத்தோடு ஜபல்பூரில் செய்த ஜோங்கா வண்டி, ஜீப்பைவிட அகலமும் நீளமும் கொண்டு, 1999 வரை உருவாகி வந்தது. பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களிடம் ஜோங்காவைப் பற்றிக் கேட்டால் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். என்ஜினைப் புகழ்வார்கள். இருக்கையைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு, மறுபடியும் என்ஜினுக்கே போய்விடுவார்கள்.

அகலம் கூடினால் இடமும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. 1983-ஆம் ஆண்டில் ஒப்பந்தமாகி 1985 முதல் அமெரிக்கப் படைக்கு வந்த ஹம்வீ வண்டி ஏழடிக்கு மேல் அகலம். பழைய ஜீப்பைவிட இரண்டடி கூடுதல். உள்ளே உட்கார்ந்தால் நெருக்கம். வண்டியின் வயிறு தரையிலிருந்து 16 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும் என்று, விசை கொண்டுபோகும் பாகங்களையெல்லாம் மேலே தூக்கினார்கள். தூக்கியவை வண்டியின் நடுவே, மேசைபோல் அகன்று உயர்ந்த ஒரு திண்ணையாயின. நால்வரும் நான்கு மூலையில், ஒரு தோள் கதவோடும் ஒரு தொடை திண்ணையோடும் ஒட்ட உட்கார்ந்தனர். ஓட்டுநர் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வரைபடத்தை நீட்ட வேண்டுமானால், அந்தத் திண்ணையின் குறுக்கே முழுக் கையையும் நீட்டியாக வேண்டும்.